கொழும்பைவிடக் கிட்ட

தம்பி தோஹாவுக்கு வேலைக்குப் போன நாள் முதல் உம்மாவிடம் ஒரே கணக்குத்தான். திருகோணமலையில் பஸ் ஏறினால் கொழும்புக்கு ஏழு மணித்தியாலம். கட்டுநாயக்காவில் பிளேன் ஏறினால் தோஹாவுக்கு ஐந்து. ஆகவே மகன் கொழும்பைவிடக் கிட்டத்தில் இருக்கிறான். மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்று நான் போனில் காட்டினால், எங்கள் ஒழுங்கையிலிருந்து தெரியும் துறைமுகக் கப்பலைக் காட்டி, அதில் போனால்தான் தூரம் என்பார். கட்டுநாயக்காவுக்குப் போகும் நேரத்தை யாருடைய கணக்கில் எழுதுவது என்று நானும் சும்மா இருக்காமல் வாய் காட்டுவேன். லீவு முடிந்து அவன் புறப்படும் ஒவ்வொரு தடவையும் வான் கதவைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு மணித்தியாலம்தானே மகன்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அவன் கதவைச் சாத்துவான்.

ஒரு நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய உம்மா, கைகால் கழுவி வுழூச் செய்த இடத்திலேயே சரிந்து மௌத்தாகிவிட்டார். தம்பிக்கு அன்று காலை பிளேனிலேயே இடம் கிடைத்தது. ஆனால் கட்டுநாயக்காவில் இறங்கவே பின்னேரமாகிவிடும். அதற்குப் பிறகு ஹபரணைக் காடு, கந்தளாய் என்று வீடு வந்து சேர இரவாகும். எங்களில் ஜனாஸாவைக் காக்கவைப்பதில்லை. அன்று பின்னேரமே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று மாமா, உம்மாவின் தம்பி, சொல்லிவிட்டார். மூத்தவள் நான் விடவில்லை. பெற்ற பிள்ளை முகம் பார்க்க ஒரு இரவு வைத்திருந்தால் குடி முழுகிவிடுமா என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். மாமா என்னோடு கதை வளர்க்கவில்லை. தம்பிக்கே போன் எடுத்து என் கையில் தந்தார்.

"அடக்குங்க ராத்தா," என்றான். "எனக்காக உம்மாவக் காக்க வைக்க வேணாம்."

முகம் பார்க்கக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டேதான் பிளேன் ஏறினான்.

வந்ததும் மாமாவோடு மையவாடிக்குப் போய் உம்மாவை அடக்கிய கபுறடியில் நின்றுவிட்டு வந்தான். கதிரை போட்டும் இருக்கவில்லை, உம்மா சமைக்கும் குசினி வாசலில் நிலத்தில் இருந்தான். உம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டான். நித்திரை மாதிரித்தான் என்றேன். பிளேன் பிந்தவில்லை, சரியான நேரத்துக்குத்தான் வந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவேயில்லை.

ஒரு கிழமைதான் லீவு. புறப்படும் நாளில் வானில் ஏறி இருந்தவன் கதவைச் சாத்தவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். தம்பி எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். உம்மா நிற்கும் இடத்தில் நின்று கதவைப் பிடித்தேன். அந்தப் பேச்சு வாய் வரைக்கும் வந்தது. சொல்ல ஏலவில்லை.

"தூரம் தம்பி," என்றேன். "கவனமாப் போ."

ஓம் என்றான். கதவை நான்தான் சாத்தினேன்.