அணைத்த டிவியில் தெரிந்த கை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரித்தாலும் சரி, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியறையை விட்டு ஆங் மோ கியோ அடுக்குமாடி வீடுகளில் ஒன்பதாவது மாடிக்குக் குடிபோனோம். சாமான் ஏற்றிய லாரியில் என் நிலைக்கண்ணாடி உடைந்து தொலைந்தது. என் வீட்டுக்காரர் அந்தோணி யாரிடமோ பழசாக வாங்கிய டிவிக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. நாலு கால், இழுத்து மூடும் கதவு. அவர் அதைச் 'செட்டு' என்பார், நான் 'படப்பெட்டி' என்பேன், பக்கத்து வீட்டுத் தமிழாசிரியருக்கோ 'தொலைக்காட்சிப் பெட்டி' என்று சொன்னால்தான் காதிலேயே விழும். பேர் எதுவானால் என்ன, பகலில் அது ஊமைதான், நிகழ்ச்சி ஆரம்பிக்கச் சாயங்காலம் ஆகும். அதனால் அதன் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் தலை சீவிக்கொள்வேன்.

அன்று காலை மகன் ஜோசப் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு வயது. கதவைச் சாத்திவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன், ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. சன்னலுக்குக் கிரில் போட வேண்டியவன் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான், பாவி.

கண்ணாடியில், என் தோளுக்குப் பின்னால், அறைக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே நாற்காலிமேல் ஏறி, சன்னலுக்கு வெளியே ஒரு காலைப் போட்டபடி ஜோசப். அவன் முதுகுச் சட்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்திருந்தது. கை மட்டும்தான், ஆள் இல்லை. சட்டென்று திரும்பினேன். நம்பினால் நம்புங்கள், கதவு நான் சாத்தியபடியே இருந்தது.

"மாதாவே!" என்று ஓடிப்போய்த் தள்ளினேன். அதே நாற்காலி, அதே சன்னல், வெளியே தொங்கும் அதே கால். கை மட்டும் காணோம். பிள்ளையை இடுப்போடு கட்டித் தூக்கிக்கொண்டு தரையில் விழுந்தேன். அவன் அழவில்லை, நான்தான் கதறினேன்.

வேலை விட்டு வந்த அந்தோணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"செட்டு கண்ணாடியில என்னென்னமோ தெரியும் லா. நீ வீணா பயப்படுற."

பிள்ளையைத் தூக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தின் முன்பக்கம், காலர் இறுக்கிய இடத்தில், சிவப்பாக ஒரு கோடு.

"சட்டையப் பிடிச்சு இழுத்தியா?"

"இல்லங்க. இடுப்பத்தான் பிடிச்சேன்."

"பயத்துல மறந்திருப்ப."

"மறக்குற விஷயமாங்க இது?"

அவர் மறுநாள் கையோடு ஆளைக் கூட்டிவந்து கிரில் போட்டார், பழைய சாமான் எடுக்கிற காராங்குனிக்காரரைக் கூப்பிட்டு டிவியைக் கொடுத்துவிட்டார். லிப்ட் கதவு மூடுகிறவரை நான் நின்று பார்த்தேன், பயத்தில் வாயே திறக்கவில்லை. என் பிள்ளையை விழாமல் பிடித்து வைத்திருந்த கைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.