சின்யோராவுக்கு வாய்த்த சித்தப்பா

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா தெருவில் நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவுக்கு, இங்கத்தைய பேச்சில் சின்யோராவுக்கு, எழுபத்தெட்டு வயது. கல்யாணம் முடிக்கவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவருடைய பூட்டனை, அதாவது அப்பப்பாவின் தகப்பனை, பெற்றவர்கள் பலெர்மோவுக்கு வைன் வியாபாரத்துக்கு வந்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரரும் அவர் கட்டிக்கொண்டுவந்த அயர்லாந்துக்காரியும். “அந்தக் குடும்பம் என்னோடு முடிகிறது” என்று, சீனி முடிந்துவிட்டது என்பதைப்போலக் கோப்பி குடித்துக்கொண்டே சொல்வார்.

போன குளிர்காலத்தில், உலகத்தில் எங்காவது சொந்தமென்று ஒரே ஒருவர் இருந்தாலும் போதும் என்று தேட உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கு மன்னாரில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் படிப்பித்த ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு துடைப்பம் ஒரு மூலையில், நான் கொம்பியூட்டருக்கு முன்னால். குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த பிறப்புகளையும், கொம்பியூட்டரில் வந்த பழைய ஞானஸ்நானப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. ஸ்கொட்லாந்துப் பதிவுகள் ஒழுங்காகக் கிடைத்தன. அயர்லாந்துப் பக்கம் பாதி எரிந்துபோய்விட்டதாம். சின்யோரா கரித்துக்கொட்டினார். எங்கள் வீட்டுப் பத்திரங்களும் இடப்பெயர்வில் போனவைதான். அதனால் எனக்கென்னவோ அந்த அயர்லாந்துக்காரர்கள்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தில் மூத்த மகனுக்கு அப்பப்பாவின் பெயரைத்தான் வைப்பார்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே பெயர். யார் தகப்பன், யார் மகன் என்று தலை சுற்றும். நான் பெயரை விட்டுவிட்டு முறையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் சீசா என்ற பகுதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு புதுத் தமிழ் முகத்தைக் கண்டாலும், பஸ் வருவதற்குள் அவர் யாருக்கு என்ன முறை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கும் அந்த வியாதி உண்டு.

கண்டுபிடித்த ஒவ்வொருவருக்கும் சின்யோரா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கிவிட்டு வந்த என் மனுசனிடம் ஒன்றை வாசித்துக் காட்டினேன்.

“இதென்னப்பா, காணி வழக்குக் கடிதம் மாதிரிக் கிடக்கு. சொத்துக்கு வாறா எண்டு பயந்திருப்பினம்” என்றார்.

“அவ சொல்லுறதைத்தானே நான் எழுதோணும்?”

“ஓம், எழுதும் எழுதும். ஒருத்தரும் வராயினம்.”

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒருவர். பூட்டனின் கடைசித் தம்பி தாயின் ஊரான அயர்லாந்துக்கே திரும்பிப்போய், வயதுபோன காலத்தில் இரண்டாம் தாரம் கட்டி ஒரு மகனைப் பெற்றிருக்கிறார். அந்த மகனும் ஆறுதலாக, வயது போய்த்தான் கல்யாணம் முடித்திருக்கிறார். அவருக்குப் பிறந்தவர் உயிரோடு இருக்கிறார். நாற்பத்தைந்து வயது, பஸ் ஓட்டுகிறார்.

“நீயே இரண்டு வரி எழுதி அனுப்பு. எனக்கு அலுத்துவிட்டது” என்று சின்யோரா படுக்கப் போய்விட்டார்.

நான் விரல் மடித்துப் பார்த்தேன். பூட்டனுடைய தம்பியின் மகனின் மகன் என்றால், சின்யோராவின் தகப்பனுக்குத் தம்பி முறை. சின்யோராவுக்குச் சித்தப்பா; சின்யோரா அவருக்கு அண்ணன் மகள், பெறாமகள். சித்தப்பாவைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்குக் கூசியது. ஆங்கிலத்தில் “அன்புள்ள அங்கிள்” என்று தொடங்கி, “உங்கள் பெறாமகள், வயது எழுபத்தெட்டு” என்று முடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதை வாசித்துக் காட்டியபோது சின்யோராவின் முகம் சிவந்தது. “இருந்தது அவன் ஒருவன். இனி என்னைப் பைத்தியம் என்று நினைப்பான்” என்றார். அன்று கோப்பியைத் தானே போட்டுக் குடித்தார். நல்லது செய்யப்போய் அந்த மனுசியின் கடைசிச் சொந்தத்தையும் துரத்திவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த வாரமே பதில் வந்தது. “அன்புள்ள பெறாமகளுக்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அம்மாவின் பக்கத்துச் சொந்தங்களுக்குள் நான்தான் கடைக்குட்டி, இன்றுவரை என் பேச்சை யாரும் கேட்டதில்லை. உன்னைப் பார்க்க வருகிறேன்.” சின்யோரா அதை என்னிடம் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

மொட்டைத் தலையும் பெரிய சிரிப்புமாக அவர் வந்து இறங்கினார். மேசைத் தலைமாட்டில் இருக்கும் தன் கதிரையைச் சின்யோரா அவருக்குக் கொடுத்தார். என் மனுசன் கொடுத்துவிட்ட மண்டரின்களை இருவருமாக உரித்து, பழைய படங்களில் யாருடைய மூக்கு யாருக்கு வந்திருக்கிறது என்று பார்த்துச் சிரித்தார்கள். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தே களைத்துப்போனேன்.

புறப்படும் நாளன்று, சின்யோரா ஏணியில் ஏறிப் படப்பெட்டியை மேல்தட்டில் வைப்பதையும், மேசையில் தொடாமல் கிடந்த பிரஷர் மாத்திரைப் பெட்டியையும் அவர் கண்டுவிட்டார். முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். நான் பயந்து பயந்து இத்தாலியனில் சொன்னேன்: “இனி ஏணியில் ஏறக்கூடாதாம். பிரஷர் மாத்திரையை ஒவ்வொரு நாளும் போடவேண்டுமாம்.” டொக்டர் சொல்லியும் பாதர் சொல்லியும் கேட்காத மனுசி இவர். நான் சொன்னதையா கேட்டிருக்கப்போகிறார்?

சின்யோரா மெதுவாக இறங்கி வந்து, “சரி, சித்தப்பா” என்றார்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்று அழுதார். “அப்பா செத்த பிறகு என்னை யாரும் பிள்ளையென்று அதட்டியதில்லை” என்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் காலை நான் சப்பாத்தைக் கழற்ற முதலே மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டினார். “போட்டுவிட்டேன். அவருக்கு எழுது” என்றார்.