வேர்வை அடங்கட்டும்

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில், வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர்காலக் காலையிலும் ஓர் ஆள் வெற்றுடம்போடு நிற்பார். பெயர் டெரக். பஸ் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஓடி முடித்ததும் நனைந்த பனியனை உரித்துப் பையில் திணிப்பார். துண்டால் துடைத்து, காய்ந்த பனியன் ஒன்றை மாட்டி, அதன்மேல் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் ஓடிவிட்டுப் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன், வேர்த்து ஊறிய பனியனோடு. இந்தக் குளிரில் சட்டையைக் கழற்றுகிற மனுஷனுக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கழன்றது யாருக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் இங்கிலாந்துக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றில், என் மனைவி கிரேஸுக்குப் பின்னால். அவள் நர்ஸ். ஊரில், வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் எங்கள் வீடு. அவள் வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போவாள், நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போவேன், தையல் பிரிவில் சூப்பர்வைசர். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததும் நானும் மகளும் வந்து சேர்ந்தோம். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா, எங்கள் வீட்டில் அது நடந்தது. வந்த இடத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரையைக் கொடுத்து, தினமும் ஓடு என்றார் டாக்டர்.

ஓடும்போது ஒன்றுமில்லை. முடித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தோள்பட்டையில் ஒரு நடுக்கம் பிடிக்கும். முதுகுக்கு இறங்கும், பல் தந்தியடிக்கும். வீட்டுக்குப் போய்க் கம்பளியைச் சுற்றிக்கொண்டு சூடாக டீ குடித்தாலும் உள்ளே குளிரும். எனக்கு இருபது வயதில் மலேரியா வந்திருக்கிறது. அது திரும்பிவிட்டது என்றே நம்பினேன். "ஃபீவர் கமிங் சார், டெய்லி கமிங்" என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் அளந்து பார்த்தார், ஜுரம் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், மலேரியாவும் இல்லை, ஓடியதால் சர்க்கரை இறங்கிப்போகவும் இல்லை. "யூ ஆர் ஃபைன்" என்றார். என் பேச்சை அவர் நம்பவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

இந்த மண் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினேன். ஆம்பூருக்கு போன் போட்டேன்; வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கிரேஸிடம் சொன்னேன்.

"என்னங்க, பாப்பா இப்பதான் ஸ்கூல்ல வாயத் தொறந்து பேச ஆரம்பிச்சிருக்கா. அவள இழுத்துட்டுப் போவீங்களா, எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போவீங்களா?"

 பிறகு அவளே கேட்டாள்: "ஓடி முடிச்சதும் வேர்வை அடங்குற வரைக்கும் உக்கார்றீங்க இல்ல? ஒடனே குளிச்சிடலயே?"

"உக்கார்றேம்மா. அதெல்லாம் கரெக்டா உக்கார்றேன்."

அந்தப் பழக்கம் ஆம்பூரில் பிடித்தது. கம்பெனி விட்டதும் பின்பக்க மைதானத்தில் பால் பேட்மிண்டன் ஆடுவோம். ஆடி முடித்த உடம்பில் ஒருவரும் தண்ணீர் படவிட மாட்டோம். பாலாற்றுக் கரையில் போய்க் காற்றுக்கு உட்காருவோம். தண்ணீர் இல்லாத ஆறு, காற்று மட்டும் ஜாஸ்தி. கட்டிங் பிரிவு இம்தியாஸ் என் சிநேகிதன், நான் எழுந்தால் கையைப் பிடித்து இழுப்பான்: "குந்து தோஸ்த், இன்னா அவசரம்? சூட்டு ஒடம்புல தண்ணி ஊத்துனா ஜன்னி வந்துடும். வேர்வை அடங்கட்டும்." பகலெல்லாம் வெயிலில் வெந்த ஊரில், ஈரப் பனியன்மேல் அந்தக் காற்று பட்டால் வருகிற சுகத்துக்கு ஈடு கிடையாது. பனியன் உடம்பிலேயே காய்ந்த பிறகுதான் எழுவோம்.

ஊருக்குத் திரும்ப டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்திருந்த வாரம். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டப் பார்க்கிறேன், விரல் நிற்கவில்லை. டெரக் வந்தார். என் பனியனின் நுனியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, கழற்று என்று சைகை காட்டினார். வேர்வை நாற்றத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. "நோ, தேங்க் யூ" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் சிரித்தார். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, வெறும் பனியனோடு நடந்து போய்விட்டார்.

அவர் மறைந்த பிறகு, ஒரு மரத்தின் பின்னால் நின்று மாற்றிக்கொண்டேன். வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் கவனித்தேன், பல் அடிக்கவில்லை.

கிரேஸ் நடந்ததைக் கேட்டாள். என் கையிலிருந்த ஈரப் பனியனை வாங்கி ஒருதரம் பிழிந்தாள். சொட்டியது. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜுரம் ஏறுனவங்களுக்கு ஈரத்துணி போட்டு சூட்ட எறக்குறது என் பொழப்புங்க. ஜுரமே இல்லாத மனுஷனுக்கு நானே தெனம் ஈரத்துணிய சுத்தி, குளிருல போய் உக்காருன்னு அனுப்பி வெச்சிருக்கேன்." சிரிக்கத்தான் தொடங்கினாள், கண் நனைந்திருந்தது.

ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்பது பழமொழி. டெரக் தினமும் என் பக்கத்தில்தான் ஓடினார். நான் கேட்கவில்லை. அன்றைக்கே ஆம்பூருக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். மறுநாள் கம்பளிச் சட்டையைத் துவைத்து டெரக்கிடம் கொடுத்தேன். அவர் பையில் இருந்ததுபோல் என் பையிலும் ஒரு காய்ந்த பனியன் ஏறியது.

சில வருஷம் கழித்து லீவில் ஆம்பூர் போனேன். இம்தியாஸ் மட்டையைக் கையில் கொடுத்தான். ஆடி முடித்துக் கரைக்கு வந்ததும் என் கை தானாகப் பைக்குள் போய்க் காய்ந்த பனியனை எடுத்தது.

"இன்னாடா இது, காத்து வர்ற நேரத்துல சட்ட மாத்துற? ஒரேடியா வெள்ளக்காரன் ஆய்ட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மாற்றாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றிலிருந்து காற்று வந்தது. பனியன் உடம்பிலேயே காய்ந்தது. அந்தப் பழைய சுகம் அப்படியே இருந்தது. காய்ந்த பனியனை மட்டும் பைக்குள் திருப்பி வைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, எழுந்து போகிறவரை மடியில் பிடித்துக்கொண்டே இருந்தேன்.