ஸ்காட்லாந்து பிஷப்பும் அப்பாவின் கடிதமும்

புதுச்சேரியில் நான் பார்க்கும் வேலை, பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிப்பது. படிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. கண்ணில் பட்ட எழுத்தை அப்படியே அடிக்க வேண்டும். எட்டு வருஷத்தில் எனக்கு அது கைவந்த கலை.

ஒரே ஒரு ஆளிடம்தான் மாட்டிக்கொண்டு, அவர் கதையைப் படித்துவிட்டேன். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்து பிஷப். வாத்தியாராக ஆரம்பித்து, போதகராகி, ராஜா தயவில் பிஷப் ஆனவர். பிறகு பிஷப் பதவியே கூடாது என்று நாடே கிளம்பிவிட்டது. மனிதர் தன் பழைய சபையார் முன்னால் நின்று, "நான் பிஷப்பாக இருந்தது தப்பு" என்று பிறர் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். சின்ன ஊர்ச் சபை ஒன்றை அவருக்கு விட்டுவைத்தார்கள்.

இதை அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

அப்பா, மரக்காணம் உப்பளத்து ஓரம் இருக்கும் எங்கள் சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார். குடியிருக்கும் வீடும் சபையுடையதுதான். சபைத் தேர்தலில் தோற்ற அணியோடு நின்றார் என்று புதுக் கமிட்டிக்கு அவர்மேல் கடுப்பு. மன்னிப்புக் கடிதம் ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்து, ஞாயிறு ஆராதனையில் வாசிக்கச் சொன்னார்கள். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த பிஷப்பு படிச்சாரு. அப்பறம் விட்டுட்டாங்க இல்ல?"

"விட்டுட்டாங்கப்பா."

"அப்ப நானும் படிச்சிட்றேன். நீ பெருசா டைப் பண்ணிக் குடு. கண்ணுல புரை, இந்தக் கிறுக்கல் ஒண்ணும் தெரியல."

ஆபீசில் அடித்து, பிரிண்ட் எடுத்து வந்தேன்.

"எல்லாம் சரியா இருக்காடா?"

"ஒரு எழுத்துகூட தப்பில்லப்பா."

பிரித்துப் பார்க்க மனமில்லாமல் பைபிளுக்குள் சொருகிக்கொண்டார்.

உப்பு வாரும் மாசம் என்பதால் ஆராதனை விடியற்காலையிலேயே. வேலைக்குப் போகிற கோலத்திலேயே எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பா சத்தமாகத்தான் வாசித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, படிங்கப்பா என்று நான்தான் கையைக் காட்டினேன்.

படித்தார்.

"இன்று முதல் உபதேசியார் பொறுப்பிலிருந்து நானாகவே விலகிக்கொள்கிறேன்."

அந்த வரியை அடித்தவை என் விரல்கள்தான். அதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய்த் தாளைப் பிடுங்க வேண்டும்போல இருந்தது. என்ன பிரயோசனம்? கமிட்டிக்காரர்கள் அதற்குள் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைத் திட்டவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"எழுத்து நல்லா தெளிவா இருந்துச்சுடா" என்றார்.