பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ஒரு செடி

தினமும் விடியறதுக்குள்ள கொக்கிக் கம்பு போட்டு என் வீட்டுச் செம்பருத்தியை மொட்டோட பறிக்கிற பக்கத்து வீட்டு அங்கிள், இன்னிக்கு திருநின்றவூர் ஏரிக்கரை வாக்கிங்ல மாட்டினார்.

வெளிர் ஊதாப் பூ பூத்த புதரைக் காட்டி, "இது என்ன செடிம்மா? போன்ல பாரு"ன்னார்.

பார்த்தேன். நெய்வேலி காட்டாமணக்கு. ஏரியையே மூடுற களை. ஆடு மாடு வாய் வைக்காது. ஒடிச்சுப் போட்ட குச்சிகூட வேர் பிடிக்கும்.

"சிவனுக்கு ரொம்ப உகந்தது அங்கிள், லேசுல கிடைக்காது"ன்னேன்.

கன்னத்துல போட்டுக்கிட்டார்.

நானே நாலு குச்சி ஒடிச்சு எடுத்துட்டு வந்து, அவர் உயிரா வளர்க்கிற ரோஜாவுக்கு நடுவுல நட்டும் கொடுத்தேன்.

"பூத்ததும் உனக்கு வேணும்னா பறிச்சுக்கோம்மா. ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறி"ன்னார்.

கேட்டுட்டு!

ரோஜாக்களுக்கு இரங்கல் தெரிவிக்கிறவங்க கமெண்ட்ல வரிசையா வாங்க.