உள்ளே ஆள் தெரியாத கார்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளைப் பொத்தான்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று பக்கத்து மிஷின்காரி சீண்டுவாள். அதற்கும் ஒரு சிரிப்போடு சரி. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள். பதினோரு வருஷமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். அவள் போகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் விட்டதையெல்லாம் ரோட்டில் படித்திருந்தாள். திரும்பப்போகும் லாரிக்குப் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. ஓரத்தில் நிற்கும் காருக்குள் தலை தெரிந்தால் ஒரு கை தள்ளியே போக வேண்டும், எந்த நொடியும் கதவு திறக்கும். ரோட்டில் போகிற எவனுக்கும் இல்லாத கவலை தனக்கு மட்டும் எதற்கு என்று வயிறு எரியும். ஆனாலும் பார்த்துப் பார்த்துத்தான் மிதிப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு காரில் தலை தெரியவில்லை. கண்ணாடி முழுக்கக் கறுப்புத்தாள். கதவு படாரென்று திறந்தது. அவள் தூக்கியெறியப்பட்டதில் இடது மணிக்கட்டு உடைந்தது. இறங்கிய மனிதர் முதலில் கதவைத்தான் தடவிப் பார்த்தார்.

வேலைக்கு வரும் வழியில் அடிபட்டால், கை கூடும்வரை இடத்தைக் காத்து வைப்போம் என்றார் கம்பெனி மேனேஜர். தப்பு அவளுடையது என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தாள் வேண்டும்.

மூன்றாம் நாள் புருஷனோடு ஸ்டேஷனுக்குப் போனாள். கார்க்காரரும் வந்திருந்தார். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஓட்டினாளோ என்று போலீஸ்காரரிடம் அலுத்துக்கொண்டார். தாள் தயாராக இருந்தது. நின்றிருந்த காரில் கவனக்குறைவாக மோதியது தான்தான் என்று அவளே சொல்வதுபோல் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவள் என்று நினைத்து எழுதியது. அவள் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"பெரிய இடம், விட்டுடு. கையெழுத்தப் போட்டுட்டு வா" என்றான் புருஷன், காதோடு காதாக.

இவனுமா அவர்கள் பக்கம்? அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"சார், வாசல்ல நிக்குதே அவரு கார், அதுல இப்ப ஆள் இருக்கா?"

போலீஸ்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இல்லயேம்மா."

கார்க்காரர் செல்போனில் எதையோ தேடத் தொடங்கினார். அவர் வந்து இறங்கியபோது பின்சீட்டைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியதை அவள் கவனித்திருந்தாள். நேராக வெளியே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த கார்க்காரரின் மனைவி, என்ன வேண்டும் என்று எரிச்சலோடு கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவள் ஸ்டேஷனுக்குள் திரும்பினாள்.

"உக்காந்து பாத்த உங்களுக்கே தெரியல. வண்டி மிதிச்சுக்கிட்டே போற எனக்கு எப்படித் தெரியும்? கதவத் திறக்கறவருக்குக் கழுத்து திரும்பாதா?"

 

இதை மாற்றி எழுத நேரமாகும், இன்னொரு நாள் வா என்று இழுத்தார் போலீஸ்காரர்.

"தாளக் குடுங்க. நானே எழுதறேன்."

தாள் நகராமலிருக்க மாவுக்கட்டுக் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, பேனா கிழித்துவிடும்போல அழுத்தி எழுதினாள். கார் நம்பரை அவள் யாரிடமும் கேட்கவில்லை. ரோட்டில் கிடந்தபடியே மனசில் ஏற்றிவைத்திருந்தாள்.