அக்காவின் ஊரில் கடல் இருந்தது

அக்காவைப் பாண்டிச்சேரியில் கொடுத்தார்கள். என்னை ஆரணியிலேயே கொடுத்தார்கள். அவள் கல்யாணம் எழுபதுகளின் நடுவில் நடந்தது, என்னுடையது அடுத்த வருஷம். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு எனக்கு மூன்று தெருதான் தூரம். கழுத்தில் மாலையோடு நடந்தே போய்ச் சேர்ந்தேன். அக்கா மூன்று பஸ் மாறிப் போனாள். அவள் கிளம்பிய அன்று எதிர்வீட்டு அம்மாள் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "குடுத்து வச்சவ. வாசப்படி எறங்கினா கடலு" என்றாள். அந்தப் பேச்சு என் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

எங்கள் ஊரிலும் ஆறு இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் ஓடும். என் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் வீட்டுக்காரர் நெய்வார், மற்றொன்றில் நான். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரும் அதில் ஒட்டிய சினிமா போஸ்டரும் தெரியும். போஸ்டர் மாறுவதை வைத்துத்தான் வாரம் போனது தெரியும். பட்டு நூலை ஓட்டிக்கொண்டே, இந்நேரம் அக்கா கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். நினைத்த வேகத்தில் இழை அறுந்துபோகும்.

ஒருமுறை அவள் நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு புடவை வேண்டும் என்று கடிதம் போட்டாள். "மாம்பழக் கலரில் அரக்கு பார்டர், உன் கையால் நெய்தது" என்று எழுதியிருந்தாள். தறி காலியில்லை என்று பதில் போட்டேன். தறி காலியாகத்தான் இருந்தது. அதை இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

பொறாமை இருந்தாலும் வருஷம் தவறாமல் மே மாதம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாண்டிக்குப் போய்விடுவேன். வந்தவாசியில் ஒரு பஸ், திண்டிவனத்தில் ஒரு பஸ். தெள்ளார் தாண்டியதுமே பிள்ளைகள் "கடல் வந்துடுச்சா?" என்று கேட்கத் தொடங்கும். பாண்டியில் இறங்கினால் எல்லாமே எனக்குக் கண்ணை உறுத்தும். நூல் பிடித்துப் போட்டதுபோல நேரான தெருக்கள், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, கை நீளத்துக்கு ரொட்டி. ஊர் ஊராக வந்த குடும்பங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பலூனும் சுண்டலுமாகக் கடற்கரையில் உலாத்தும். இத்தனையும் ஒருத்திக்கு எதற்கு என்று தோன்றும்.

அதைவிட எரிச்சல் மூட்டியது அக்காவின் ஒரு வார்த்தை. நாங்கள் கடலுக்குக் கிளம்பும்போது அவளையும் கூப்பிடுவோம். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க. இங்கியே கீறவளுக்கு இன்னா, எப்ப வேணா பாக்கலாம்" என்பாள். எப்ப வேணா! எவ்வளவு திமிர் என்று நினைப்பேன். ஆரணிக்குத் திரும்பியதும் பம்பாய் மிட்டாய்க்குக் காசு கேட்கும் பிள்ளைகளைப்போல அக்கம்பக்கத்தார் வந்து பாண்டிக் கதை கேட்பார்கள். "தண்ணியெல்லாம் ஒரே உப்பு. அவ வீட்டுச் சுவரு பூரா ஊறிப்போய்க் கெடக்குது" என்று குறை சொல்லி மனசை ஆற்றிக்கொள்வேன்.

எண்பதுகளில் ஒரு கோடையில் நாங்கள் போனபோது அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. வெம்பாக்கத்திலிருந்து மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், சொந்தத்தில் ஐந்து பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். நாங்கள் நால்வர். மறுநாள் தேவிகாபுரத்திலிருந்து எங்கள் அத்தை மகன் புதுப்பெண்டாட்டியோடு வந்து இறங்கினான். கடல் பார்க்காத மனைவிக்குக் கடல் காட்ட வந்தானாம்.

மூன்றாம் நாள் காலை எல்லோரும் அந்தத் தடவை முதல்முறையாகக் கடலுக்குக் கிளம்பியபோது நான் தலை வாரிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அக்கா ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்னவோ என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒனக்கு இன்னாக்கா, மகாராணி. தெனைக்கும் கடக்காத்து வாங்கிகினு கீற. நான் அங்க குழிக்குள்ள ஒக்காந்துகினு செவுத்தப் பாத்துகினு கெடக்கறேன்."

குழவியைச் சுற்றிய கை நின்றது. "நான் கடலைப் பாத்து எத்தினி வருசம் ஆவுது தெரியுமாடி?"

"நேத்திக்கூட பாத்திருப்ப."

"மூணு வருசம். சின்னவனுக்குக் காது குத்தினப்ப பாத்தது."

நான் சிரித்துவிட்டேன். பத்து நிமிஷ நடையில் இருக்கிற கடலை மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

"சிரிக்காதடி" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "லீவு வுட்டா நீங்க வரீங்க. பொங்கலுக்கு அவங்க அண்ணன் வூடு வருது. நடுவுல யாருக்காவது ஒடம்பு செரியில்லன்னா இங்க பெரியாஸ்பத்திரி கீதுன்னு வந்துடறாங்க. வர்றவங்கள்லாம் பையை வச்சுட்டுக் கடலுக்குப் போறாங்க. திரும்பி வரசொல்ல சோறு இருக்கணும். நீயும் அப்பிடித்தான். பத்து வருசமா வர. ஒருநாளு இந்தக் கொழவியைத் தொட்டிருக்கியா? உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி. காலைல எழுந்து தலை வாரிகினு கெளம்பற பாரு, அதைப் பாத்தா எரியுது."

இதைக் கேட்டு எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறது! அதுவும் அக்காவுக்கு! சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"எழுந்திரு. இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீ போ" என்றேன்.

"போடி. பதினஞ்சு பேருக்கு நீ ஆக்குவியா?"

கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமா, "அவ இன்னா புதுசா பாக்கப்போறா?" என்றார்.

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், வேறு புடவைகூட மாற்றாமல் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

மீதி மாவை நான் அரைத்தேன். மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று, விறகடுப்பு ஒன்று. உலை வைத்து, பருப்பு வேகப்போட்டு, ஒரு முறம் நிறையக் கத்திரிக்காய் நறுக்கினேன். ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். வெம்பாக்கத்துப் பெரியவருக்குக் காபி. அவர் மருமகளுக்குக் குழந்தை குளிப்பாட்ட வெந்நீர். புதுமாப்பிள்ளை, "ஜல்தியா எலை போடுங்க, பசி உயிர் போவுது" என்றான். முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்திக்கு மறுபடி உலை வைத்தேன். அக்காவும் என் மகளும் மட்டும் வரவில்லை.

வியர்வை கண்ணில் இறங்கியது. இப்போது அவள் ஈர மணலில் கால் புதைய நின்றுகொண்டிருப்பாள், அலை வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போகும், நான் இங்கே புகையில் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது ஆத்திரம் பொங்கியது. போகச் சொன்னவள் நான்தான். ஆனாலும் பொங்கியது.

மூன்று மணிக்கு மேல் வந்தாள். புடவை இடுப்புவரை நனைந்து, கொண்டை அவிழ்ந்து, காதோரமெல்லாம் மணலாக இருந்தது. என் மகள் மூச்சு வாங்கச் சொன்னாள்: "பெரிம்மா தண்ணியிலயே ஒக்காந்துட்டாங்கம்மா. எழுந்திருங்கன்னா மாட்டேன்னுட்டாங்க. ஒரு தாத்தா வந்து, ஏம்மா ஒனக்கு எந்த ஊருன்னு கேட்டாரு. ஆரணின்னு சொல்லிட்டாங்க."

அக்கா ஈரப் புடவையோடேயே உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவப் போகும்போது திரும்பி, "ரசத்துல புளி ஜாஸ்தி" என்றாள். அடிக்கலாம் போல இருந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் எங்களுக்கு பஸ். அந்த வருஷம் நான் கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பினேன்.

ஆடி மாதம் அக்கா ஆரணிக்கு வந்தாள். பிள்ளைகளை மாமாவிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. கோட்டைப் பக்கம் போகலாமா, கோயிலுக்குப் போகலாமா, சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம்டி. யாராவது ஆக்கிப் போட்டா துன்னுட்டுப் படுத்துக்கறேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். தறி ஓடுகிற சத்தத்தில் முதல் இரண்டு நாள் பகலெல்லாம் தூங்கினாள். மூன்றாம் நாள் என் தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் நெய்வதை வேடிக்கை பார்த்தாள்.

அப்போது என் மாமியார் உள்ளேயிருந்து வந்தார். நுரை பொங்கும் காபி டம்ளர் கையில் இருந்தது. "பாவம், அங்க எப்பப் பாத்தாலும் பேஜாரு. குடிம்மா, சக்கரை போதுமா பாரு" என்று அக்காவிடம் நீட்டினார்.

அந்த வீட்டுக்கு நான் வாழ வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு ஒருநாள்கூட அப்படி ஒரு டம்ளர் வந்ததில்லை. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். கையிலிருந்த இழை அறுந்தது. குனிந்து முடிச்சுப் போட்டேன்.